கறுப்பு ஏன் கறுப்பாகத் தெரியவில்லை?

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் சரக்கிருப்பைச் சரிபார்க்கும்போது, விற்பனையாகாமல் தேங்கிக் கிடக்கும் துணிகளுக்கென்று தனியே ஒரு பட்டியல் தயாரிப்பது வழக்கம். அப்பட்டியலின் கடைசிப் பத்தியில் தேக்கத்துக்குரிய காரணம் எழுதப்படும். "எலி கடித்தது", "கறை பட்டது", "கரை இழுபட்டது" என்பவற்றோடு அங்கே அடிக்கடி காணப்படும் மற்றொரு காரணம் "நிறம் சரியில்லை" என்பதாகும். இவ்விரண்டு சொற்களை நானே எத்தனையோ முறை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். நிறம் சரியில்லை என்றால் குற்றம் சாயக்காரருடையது என்று பொருள். அவருடைய கூலியில் பிடித்தம் செய்வதற்கு அந்தக் குறிப்பு ஒன்றே போதுமானது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்வையிட்ட ஒரு சங்கத்தில் 46 பருத்திச் சேலைகள் இவ்வாறு தேங்கியிருந்தன. உடல் பளிச்சென்ற நீலம். அதன்மீது கறுப்புப் புட்டாக்கள். அதே கறுப்பில் இரண்டு அங்குலக் கோர்வைக் கரை. வாங்க வந்தவர்கள் யாவரும் ஒரே குறையைத்தான் கூறினார்களாம்: "கறுப்பு கறுப்பாக இல்லை, செம்பட்டை அடித்துக் கிடக்கிறது." நானும் ஒரு சேலையை விரித்துப் பார்த்தேன். உண்மையாகவே புட்டாக்கள் பழைய குடைத்துணியைப் போல் பழுப்பேறித் தோன்றின.

சாயம் போட்டவர் அறுபது வயதைக் கடந்த முதியவர். நிர்வாகக் குழுவின் முன்னிலையில் அவர் தம்மிடம் மிஞ்சியிருந்த ஒரு சிட்டம் நூலைக் கொண்டு வந்து, என் முன்னிருந்த பதிவேட்டின் வெள்ளைத் தாளின்மேல் வைத்தார். "ஐயா, இது கறுப்பா இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள். பிறகு கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். நூல் காக்கைச் சிறகைப் போல் கறுத்திருந்தது. உடனே குழு அங்கத்தினர் ஒருவர், "மிச்சம் பிடித்து வைத்த நூல் வேறு, சேலைக்குக் கொடுத்த நூல் வேறாக இருக்கும்" என்றார். முதியவரிடம் அதற்கு மறுமொழி இல்லை. எனக்கும் அங்கத்தினர் சொன்னதே நியாயமாகப் பட்டது. என் பார்வைக் குறிப்பில் "சாயக் குறைபாடு" என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அந்தக் குறிப்பு தவறானது. அஃது எவ்வாறு தவறாயிற்று என்பதைக் கூறுவதற்கே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கல்லூரியில் இரசாயனம் பயின்றவன் ஆதலால், மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயர் எனக்குப் புதிதன்று. கொழுப்புப் பொருள்களைப் பகுத்தாராய்ந்து, சவர்க்காரத்தின் உண்மையான இயல்பை விளக்கியவர் அவர். 1786-ஆம் ஆண்டில் பிறந்து 1889-ஆம் ஆண்டு வரை, 102 வயது வாழ்ந்தவர். ஆனால் அவர் நெடுங்காலம் ஒரு நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்தார் என்பதை எனக்குக் கற்பித்த எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அதைப் பின்னர் நானாகவே படித்து அறிந்தேன்.

பாரிஸ் நகரிலுள்ள கோப்லேன் நெசவுச்சாலை பிரெஞ்சு அரசாங்கத்தைச் சேர்ந்தது. சுவரில் தொங்கவிடும் பெரிய சித்திரத் திரைகளைக் கம்பளி நூலால் அங்கே நெய்வார்கள். 1824-ஆம் ஆண்டில் ஷெவ்ரல் அங்கே சாயப் பகுதியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஏற்றவுடன் அவர் மேசைமேல் வந்து குவிந்தவை புகார்கள். வெளிர் நீலம் நிற்கவில்லை, ஊதா வெளுக்கிறது, கறுப்பில் அழுத்தம் இல்லை என்றெல்லாம் நெசவாளர்கள் முறையிட்டனர். சில புகார்கள் உண்மையானவை. அவை சாயத்தின் குற்றமே என்று அவர் கண்டார். கறுப்பைப் பற்றிய புகார் மட்டும் அவருக்கு வியப்பளித்தது. நீல ஆடை, ஊதா ஆடை ஆகியவற்றின் மடிப்புகளில் நிழல் காட்டுவதற்கு வைத்த கறுப்பு, உயிரற்று மங்கித் தெரிகிறது என்றார்கள். அவர் இலண்டனிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்துத் தம் பட்டறை நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தம் பட்டறைக் கறுப்பு எதற்கும் தாழ்ந்ததன்று என்பது தெரிந்தது.

நூலில் குற்றம் இல்லை; ஆயினும் துணியில் குற்றம் தெரிகிறது. அப்படியாயின் குற்றம் எங்கே இருக்கிறது? பக்கத்திலிருக்கும் நூலில் இருக்கிறது என்பதே ஷெவ்ரல் கண்டுபிடித்த விடை. ஒரு நிறத்தின் அருகில் மற்றொரு நிறத்தை வைத்தால், கண் அவ்விரண்டையும் உள்ளதை உள்ளவாறு காண்பதில்லை. அவற்றிடையேயுள்ள வேற்றுமையைப் பெருக்கிக் காண்கிறது. வெளிர் நிறம் மேலும் வெளிராகவும், கருமை மேலும் கருமையாகவும் தோன்றும். அதோடு ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின்மேல் ஏற்றிவிடும். சிவப்பு தன் பக்கத்திலுள்ளதைப் பச்சையாக்கப் பார்க்கும், பச்சை சிவப்பாக்கும், நீலம் தன் அண்டை நிறத்துக்கு மஞ்சள் கலந்த செந்நிறத்தை ஏற்றும். நீலத்தின் நடுவே வைத்த கறுப்பு செம்பட்டையாகத் தோன்றுவது இதனாலேதான். பல ஆண்டுகள் சோதனை செய்து, 1839-ஆம் ஆண்டில் இதைப் பெரிய நூலாக அவர் வெளியிட்டார்.

அந்நூலில் உள்ள ஒரு வழக்கு, நமது சங்கத்து வழக்கின் நேர் நகலாகவே இருக்கிறது. சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய ஒரே நிறத் துணிகளைச் சில வியாபாரிகள் கொடுத்து, அவற்றின்மேல் கறுப்பில் பூவேலை அச்சிடும்படி கேட்டனர். வேலை முடிந்து வந்ததும் பெருஞ்சண்டை மூண்டது. சிவப்புத் துணியில் பூ பச்சையாக இருக்கிறது, ஊதாவில் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கிறது, நீலத்தில் செம்பு நிறமாக இருக்கிறது. நாங்கள் கேட்ட கறுப்பு எங்கே என்றார்கள். ஷெவ்ரல் எந்த இரசாயனமும் செய்யவில்லை. காகிதத்தைப் பூவின் வடிவத்துக்கு வெட்டியெடுத்து, அந்தத் துளையின் வழியே பூ மட்டும் தெரியும்படி துணியின்மேல் வைத்தார். பின்னணி நிறம் மறைந்தது. மூன்று துணிகளிலும் பூ நல்ல கறுப்பாகவே தெரிந்தது. சண்டை தீர்ந்தது.

இதைப் படித்தவுடன் என் நினைவுக்கு வந்தது அந்த முதியவர் பதிவேட்டின்மேல் வைத்த சிட்டம் நூல்தான். அவர் செய்ததும் அதே சோதனையில் பாதி. நூலை வெள்ளைத் தாளில் காட்டினார். துணியையும் வெள்ளைத் தாளின் துளை வழியே காட்டியிருந்தால் அங்கத்தினரின் ஐயம் அங்கேயே நீங்கியிருக்கும். அடுத்த முறை அந்தச் சங்கத்துக்குச் சென்றபோது, ஓர் அஞ்சலட்டையில் புட்டாவின் அளவுக்குத் துளை வெட்டி எடுத்துச் சென்றேன். நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவராக அட்டையை வைத்தும் எடுத்தும் பார்த்தனர். வைத்தால் கறுப்பு, எடுத்தால் செம்பட்டை. தலைவர் மூன்று முறை வைத்தெடுத்துப் பார்த்துவிட்டுத் தம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். என் பழைய குறிப்பைத் திருத்தி எழுதினேன். பிடித்தம் செய்த தொகையும் முதியவருக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பதினொரு மாதங்கள் கழிந்துவிட்டன. சேலைகளும் தள்ளுபடி விலையில் போய்விட்டன.

கண் ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்று அங்கத்தினர்கள் கேட்பது இயல்பு. கண் அளவுகோல் அன்று, அது தராசு. ஒன்றை மற்றொன்றோடு நிறுத்துப் பார்த்தே அது முடிவு கூறும். விழித்திரையில் ஒளியை வாங்கும் அணுக்கள் தனித்தனியே இயங்குவதில்லை. பலமான ஒளியைப் பெறும் அணு, தன் அண்டை அணுக்களின் குரலைத் தாழ்த்துகிறது. குதிரை லாட வடிவமுள்ள ஒரு கடல் நண்டின் கண்ணை ஆராய்ந்து இதை நிறுவிய அமெரிக்கராகிய ஹார்ட்லைன் என்பவர், 1967-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். பொருள்களின் விளிம்பைத் தெளிவாகக் காண்பதற்கு இந்த ஏற்பாடு மிகவும் உதவுகிறது. நாம் அதற்குக் கொடுக்கும் விலையே இந்த நிறமயக்கம்.

இனி, நெசவாளர் கவனிக்க வேண்டிய மறுபக்கம் ஒன்று உண்டு. மேலே கூறிய விதி, பட்டைப் பட்டையாக நிறங்கள் இருக்கும்போது பொருந்துவது. நிறங்கள் மெல்லிய இழைகளாகப் பிரிந்து கலந்தால் விளைவு தலைகீழாகிவிடும். அப்போது நிறங்கள் ஒன்றையொன்று விலக்குவதில்லை; ஒன்றையொன்று தம்பால் இழுக்கின்றன. ஜெர்மானிய விஞ்ஞானியான வில்ஹெல்ம் ஃபான் பெசோல்டு, கம்பளங்களின் வடிவமைப்பைப் பற்றி ஆராய்ந்தபோது இதைக் கண்டார். கம்பளம் முழுவதும் ஊடுருவி ஓடும் ஒரே ஒரு நிறத்தை மாற்றினால், மற்ற நிறங்கள் யாவும் மாறிவிட்டாற்போல் தோன்றுகின்றன என்று 1874-ஆம் ஆண்டில் எழுதினார். சிவப்புத் துணியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடினால் சிவப்பு வெளிறித் தோன்றும். அதே சிவப்பில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடினால் சிவப்பு ஆழ்ந்து தோன்றும். நூல் ஒன்றுதான், சாயம் ஒன்றுதான்.

இழை இன்னும் மெலிந்தால் இரண்டு நிறமும் கலந்து மூன்றாவது நிறமாகிவிடும். பாவில் ஒரு நிறமும் ஊடையில் மற்றொரு நிறமும் வைத்து மயில்கழுத்து நிறத்தை உண்டாக்கும் நம் நெசவாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நீலமும் பச்சையும் கலந்தால் மயில்கழுத்து. சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா. ஆனால் பட்டைகளாக அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் சிவப்பும் பச்சையும், பருத்தியில் பாவும் ஊடையுமாகக் கலந்தால் சேறு போன்ற மங்கலையே தரும். பட்டு நூலுக்குப் பளபளப்பு உண்டு. மடிப்புக்கு மடிப்பு ஒருமுறை பாவும் ஒருமுறை ஊடையும் ஒளிர்வதால் அது தப்பித்துக்கொள்கிறது. பட்டுச் சேலையில் கண்ட நிறக் கூட்டை அப்படியே பருத்தியில் இறக்கிப் பார்த்து நஷ்டப்பட்ட சங்கங்களை நான் கண்டிருக்கிறேன்.

எந்த அகலம் வரையில் பட்டை, எதற்குக் கீழே இழை என்று கேட்டால், அது பார்ப்பவர் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. தறியில் அமர்ந்திருப்பவர் துணியை ஒரு முழ தூரத்தில் பார்க்கிறார். அவருக்குச் சிறு கட்டங்கள் தனித்தனியே துலங்கும். கடையில் வாங்குபவர் அலமாரியில் அடுக்கிய துணியைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிறார். அவருக்கு அதே கட்டங்கள் குழம்பி ஒரே மங்கலாகிவிடும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் பெரிய கட்டமும் அகன்ற கரையும் எத்தனை தூரத்திலிருந்தும் கலைவதில்லை. அதை முதலில் நெய்தவர்கள் விஞ்ஞானம் படிக்கவில்லைதான். ஆனால் துணியைத் தூரத்தில் தொங்கவிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். மாதிரி நெய்தவுடன் அதைப் பத்தடிக்கு அப்பால் தொங்கவிட்டுப் பார்க்கும் வழக்கம் நம் சங்கங்களில் எத்தனை இடங்களில் இருக்கிறது?

கோர்வைக் கூலியைப் பற்றிய விவாதத்துக்கும் இதுவே அடிப்படை. சாதாரணக் கரையில், கரையின் பாவு வேறு நிறமாயினும் உடலின் ஊடைதான் அதன் குறுக்கே ஓடுகிறது. ஆகவே மஞ்சள் உடலுக்குக் கருஞ்சிவப்புக் கரை வைத்தால், கரையினுள் மஞ்சள் இழை புகுந்து சிவப்பைக் கலக்கிவிடும். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடாவும், இரு கரைகளுக்கு இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடை கரையின் எல்லையில் கோக்கப்பட்டுத் திரும்பிவிடுகிறது. கரையின் நிறம் பாவிலும் ஊடையிலும் ஒன்றேயாகி முழுமை பெறுகிறது. காஞ்சிபுரம் சேலையில் உடலும் கரையும் வெட்டி ஒட்டினாற்போல் எதிரெதிரே நிற்கும் அழகு இதனால் வருவதே. இதற்கு உதவியாள் ஒருவர் வேண்டும், நேரமும் கூடுதல். கூலி ஏன் இவ்வளவு என்று கேட்கும் நிர்வாகக் குழுக்கள், தாம் வாங்குவது நிறத்தின் எதிர்ப்பை என்பதை அறிந்திருக்க வேண்டும். அதே சமயம், ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களை உடலுக்கும் கரைக்கும் வைத்துவிட்டுக் கோர்வை நெய்வது வீண் செலவு என்பது என் கருத்து. அரக்குக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தை வைப்பதற்கு மூன்று நாடாக்கள் எதற்கு?

விளைவிப்போரான அங்கத்தினர்கள் இது நமக்கு உரியதன்று என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பருத்தியைக் கறுத்த பலகையின்மேல் பரப்பினால் வெள்ளை வெளேரென்று தோன்றும். அதே பருத்தியைச் சலவை வேட்டியின்மேல் பரப்பினால் பழுப்பாகத் தோன்றும். கண்ணால் தரம் பிரித்து விலை சொல்லும் இடத்தில், எதன்மேல் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதை விற்பவர் கவனிக்க வேண்டும். தக்காளியைப் பச்சை இலையின்மேல் அடுக்கினால் சிவப்பு கூடித் தோன்றும். இது பட்டையின் விதி. ஆரஞ்சுப் பழத்தைச் செந்நிற வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டாலும் பழத்தின் நிறம் கூடித் தோன்றும். இது இழையின் விதி. ஒன்றில் எதிர் நிறம் உதவுகிறது, மற்றொன்றில் இன நிறம் உதவுகிறது. வலைப்பையில் பழம் வாங்குவோர் மட்டும், பையிலிருந்து ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. விற்பவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, வாங்குபவர்களுக்குச் சொல்லாமல் விடுவது கூட்டுறவாகாது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியற்காலையில் நூல் பொருத்துவது பல சங்கங்களில் வழக்கமாக இருக்கிறது. மங்கிய ஒளியில் சிவப்பு முதலில் கறுத்துவிடும். நீலம் தன் அளவுக்கு மீறித் துலங்கும். செக் நாட்டு அறிஞரான பூர்க்கின்யே 1825-ஆம் ஆண்டிலேயே இதைக் கூறிவிட்டார். நன்கு விடிந்தபின், நேர் வெயில் படாத வடக்குச் சன்னலின் அருகே பார்ப்பதே முறை. விளக்கொளியில் ஒத்துப்போகும் இரு சிட்டங்கள் பகலில் ஒவ்வாமல் போவதும் உண்டு. ஆதலால் இரண்டிலும் பார்த்துவிடுவது உத்தமம்.

நீலச் சேலையின் கதை இன்னும் சிறிது பாக்கி இருக்கிறது. கூலி கைக்கு வந்தபின் முதியவர் என்னிடம், "காரணம் தெரிந்துவிட்டது, ஐயா. ஆனால் வாங்குபவரிடம் அட்டையைக் கொடுத்தா விற்க முடியும்?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நீலம் கறுப்பின்மேல் செம்மையை ஏற்றுகிறது என்றால், அந்தச் செம்மையை அடிக்கும் அளவுக்குக் கறுப்பில் முன்கூட்டியே நீலத்தைக் கலந்துவிட்டால் என்ன என்று இருவரும் பேசினோம். அளவை அவர்தான் கண்டுபிடித்தார். என் படிப்பு அதற்கு உதவவில்லை. மூன்று மாதிரிகள் நெய்து பார்த்து, மூன்றாவதை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. உடலும் கரையும் சேருமிடத்தில் இரண்டு இழை வெள்ளைக் கோடு ஒன்றையும் நெசவாளர் சேர்த்தார். அதனால் இரு நிறங்களும் நேருக்கு நேர் மோதாமல் ஒதுங்கி நின்றன. சேலையை விரித்தபோது புட்டாக்கள் கரிய கறுப்பாக நின்றன.

அடுத்த பார்வையின்போது அந்த நூலின் சிட்டம் ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். பார்த்தவர் யாரும் அதைக் கறுப்பு என்று சொல்லமாட்டார்கள், நீலம் ஓடியிருந்தது. எனக்குப் பின் வரும் ஆய்வாளர் அதைக் கண்டு "சாயக் குறைபாடு" என்று எழுதிவிடக்கூடாதே என்பதற்காக, சாயப் பதிவேட்டில் அதற்கு நேராக "நூலில் நீலம் கலந்தது, துணியில் கறுப்பு, பிடித்தம் இல்லை" என்று எழுதித் தேதியிட்டு வந்தேன்.